எண்பதாவது எழுத்து

“லிஸ்ட்ல பேர் இருக்கா இல்லையா, அத மட்டும் பாத்துச் சொல்லு,” என்றார் ஐவன். மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று கைப்பேசியை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்தே முக்கால் மணி. ஈப்போவில் ஒரு டோபி கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அன்றைக்கு இரண்டே பேர்தான். ஐவன் முதலாளி. தினேஸ்வரி அவரிடம் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறாம் மாதம் குறையில்லாமல் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். போனில் இருந்தவர் எல்ஸி, சிம்பாங் பூலாய் பக்கம் ஓர் இலவச டயாலிசிஸ் மையத்தின் தலைமைத் தாதி. மையத்து நோயாளிகளை வீடு வீடாகப் போய் ஏற்றிவரும் வேனுக்கு, யாரை எத்தனை மணிக்கு எங்கே ஏற்ற வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது ஐவனின் கம்பெனி. விடியற்காலை மூன்று மணிக்கு அது தானாகவே ஓட்டுநரின் கைப்பேசிக்குப் போய்விடும். மனிதக் கை படாத ஏற்பாடு என்று ஐவன் போகிற இடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மையத்துக்கு வருகிற பத்தொன்பது பேரில் ஐந்து பேர் வியாழக்கிழமை வரவில்லை. அன்று தைப்பூசம். மையத்துக்கு விடுமுறை இல்லைதான். ஆனாலும் ஐந்து பேரும் கல்லுமலைக் கோயிலுக்குக் கிளம்பியிருப்பார்கள் என்று எல்ஸி நினைத்துக்கொண்டார். எத்தனை சொன்னாலும் கேட்காமல் வருஷா வருஷம் அப்படிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் இன்றைக்கும் அதே ஐந்து நாற்காலிகள் காலி. வேன் ஓட்டும் சுரேன் புது ஆள். பழைய ஓட்டுநர் காவடி எடுக்க விடுப்பில் போனதால் வியாழக்கிழமைதான் வேலைக்கு வந்தவன். பட்டியலில் இருந்த எல்லாரையும் ஏற்றிவிட்டேன் என்று சாதிக்கிறான். உள்ளே தள்ளி இருக்கும் தோட்டங்களுக்குப் போகச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு வந்திருப்பான் என்பது எல்ஸியின் கட்சி.

தினேஸ்வரி நோயாளிகளின் விவரம் இருந்த கோப்பைத் தன் எடிட்டரில் திறந்தாள்.

அந்த எடிட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவளைக் கேட்டால் நிறையவே சொல்வாள். எழுத்துகளைத் தட்டவும் திருத்தவும் உதவுகிற மென்பொருள், அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் அதை வந்தபடியே வைத்துக்கொண்டு காலம் தள்ளுவார்கள். இவள் அப்படியில்லை. இரண்டு மாதமாக அதற்கென்று ஓர் அமைப்புக் கோப்பு எழுதிக்கொண்டிருந்தாள். எந்த விசையைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும், பின்னணி என்ன நிறம், எழுத்து எவ்வளவு பருமன், சேமிக்கும்போது எதெது தானாக நடக்க வேண்டும் என்று எழுதி எழுதி அது முந்நூறு வரியைத் தாண்டிவிட்டது. பெர்ச்சாமில் வேறு இரண்டு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவள் அவள். அங்கே விளக்கை எப்போது அணைப்பது, விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக்கூட மற்றவர்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். முழுக்க முழுக்க அவள் இஷ்டப்படி அமைந்த இடம் உலகத்தில் அந்தக் கோப்பு ஒன்றுதான். “வேல பாக்குறியா, வீடு கட்டுறியா?” என்று ஐவன் ஒரு தடவை கேலி செய்திருக்கிறார். கட்டிய வீட்டை அவர் பார்த்துவிட்டார் என்றுதான் அவளுக்குச் சந்தோஷம்.

கோப்பில் ஒரு வரிக்கு ஒரு நோயாளி. கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினாள்.

“இருக்கு பாஸ். அஞ்சு பேரும் இருக்காங்க.”

சொல்லப் பத்து விநாடிகூட ஆகவில்லை. ஐவன் முகம் தெளிந்தது. கைப்பேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார். “மிஸ்ஸி, எங்க பக்கம் எல்லாம் கிளியர் லா. பேர் இருக்கு. இனிமே உங்க ஆளத்தான் கேக்கணும்.”

“நெனச்சேன்! இப்பவே சாவியப் புடுங்குறேன்.” எல்ஸியின் குரல் நடுங்கியது, கோபமா பயமா என்று தெரியவில்லை. “நாலு பேர எப்படியோ பக்கத்து வீடு, கடைன்னு போன் போட்டுப் புடிச்சு, யாரோட காடியிலயாச்சும் ஏறி வரச் சொல்லிட்டேன். வீரம்மாதான் கெடைக்கல. போன் ஆஃப்ல கெடக்கு. கடைசியா செவ்வாய்க்கெழம வந்து போனாங்க. இன்னிக்கும் விட்டா ஒரு வாரம் ஆயிரும் ஐவன். ஒடம்புல தண்ணி சேந்து நெஞ்ச அடைச்சிரும். அந்தம்மா தாங்க மாட்டாங்க.”

“இன்னிக்கு எத்தன மணி வரைக்கும்?”

“ரெண்டு மணிக்குள்ள வந்து ஒக்காந்தா நாலு மணி நேரம் ஓட்டி முடிக்கலாம். அதுக்கு மேல ஆளு இல்ல, மிஷினும் இல்ல.”

ஐவன் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி போனை வைத்தார். பிறகு காப்பி வாங்கக் கீழே இறங்கினார். அவர் போன சில நிமிடத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“யாரு லா அங்க பேர் இருக்குன்னு சொன்னது?”

தினேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்க யாரு?”

“சுரேன். வேன் டிரைவரு. டிரைவரா இருந்தவன். நீயா பாத்த? ஒன் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்ணே. அஞ்சு பேரும் இருக்கு.”

“எனக்கு வந்தத படம் எடுத்து அனுப்புறேன், எண்ணிப் பாரு. ரெண்டு நாளும் பதினாலு பேருதான். நான் பதினஞ்சு வருசம் லோரி ஓட்டுனவன், தங்கச்சி. ஏத்துன்னு சொன்ன எடத்துல ஏத்துவேன், எறக்குன்னு சொன்ன எடத்துல எறக்குவேன். சீக்காளிங்க முன்னாடி வெச்சு அந்த மிஸ்ஸி என்னையக் கொலகாரன்னு சொல்லிட்டாங்க. ஒன் வாயால வந்த பேச்சு அது.”

போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த நிமிடம் கம்பெனி வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்து விழுந்தன. எண்ணினாள். பதினான்கு. மறுபடியும் எண்ணினாள். பதினான்குதான். வீரம்மா இல்லை.

பட்டியல் போடும் நிரலைத் தானே ஓட்டிப் பார்த்தாள். திரையில் பதினான்கு பெயர்கள் வந்தன. கோப்பில் பத்தொன்பது பேர், பட்டியலில் பதினான்கு பேர். நிரலைத் திறந்து படித்தாள். அவள் வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதியது. ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும் என்று யாரும் தொடாமல் விட்டது. அதன் நடுவில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு வரியிலும் சரியாக எண்பது எழுத்து இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதை அரைகுறை வரி என்று எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

வீரம்மாவின் வரியில் எழுபத்தொன்பது எழுத்துதான் இருந்தது. காணாமல் போன மற்ற நால்வருக்கும் அப்படியே. மற்றவர்கள் வரியில் எண்பதாவது இடத்தில் ஏதோ ஒரு குறி. இந்த ஐவருக்குக் குறி இல்லை. அங்கே ஒரு வெற்றிடம் இருந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கணினிக்கு வெற்றிடமும் ஓர் எழுத்துதான்.

இவ்வளவுதானா என்று அவளுக்கு மூச்சு வந்தது. ஐந்து வரியிலும் கடைசியில் ஒரு வெற்றிடம் சேர்த்துச் சேமித்தாள். நிரலை ஓட்டினாள். பதினான்கு.

மறுபடியும் சேர்த்தாள், சேமித்தாள், ஓட்டினாள். பதினான்கு. மூன்றாவது தடவை அவசரப்படாமல் வீரம்மாவின் வரியில் மட்டும் வெற்றிடத்தைப் போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தாள். எண்பது இருந்தது. சேமிக்கும் விசையைத் தட்டினாள். திரையில் மின்னிக்கொண்டிருந்த கோடு ஓர் இடம் பின்னால் தள்ளி நின்றது. எழுபத்தொன்பது.

அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள், யாரோ கூப்பிட்டது போல.

அவளுடைய அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. சேமிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மிஞ்சி நிற்கும் வெற்றிடத்தைத் துடைத்துவிடு என்பது அதன் கட்டளை. எங்கேயோ வெளிநாட்டில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் கோப்பிலிருந்து போன திங்கட்கிழமைதான் அதை எடுத்துப் போட்டிருந்தாள். வரிக்கடைசி வெற்றிடம் குப்பை என்று அந்த ஆள் எழுதியிருந்தார். இவளும் ஆமாம் குப்பைதான் என்று நம்பினாள். புதன்கிழமை மாலை, தைப்பூச விடுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில், யாரோ ஒரு நோயாளியின் போன் நம்பரை மாற்ற இந்தக் கோப்பைத் திறந்து, மாற்றி, சேமித்துவிட்டுப் போனாள். அந்த ஒரு தட்டில் ஐந்து பேர் துடைபட்டுப் போனார்கள்.

வெட்கம் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்ததும் வெட்கத்தை முந்திக்கொண்டது.

கணினியோடு வரும் சாதாரண நோட்பேடில் கோப்பைத் திறந்து, ஐந்து வெற்றிடங்களையும் போட்டுச் சேமித்து ஓட்டினாள். பத்தொன்பது. மணி பதினொன்று இருபது. இனி யார் வந்து பார்த்தாலும் எல்லாப் பெயரும் இருக்கும். அலுவலகக் கணினிகளில் எல்லாரும் ஒரே பயனர் கணக்கில்தான் நுழைவார்கள். புதன்கிழமை கை வைத்தது யார் என்று எங்கேயும் பதிவில்லை. சுரேன் அனுப்பிய படத்தை அவனே வெட்டி ஒட்டியது என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஐவன் காப்பிப் பொட்டலங்களோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார். “பாத்தியா, பத்தொம்பதும் இருக்கு. நம்ம சிஸ்டத்தப் போய்ச் சந்தேகப்பட்டாங்க.”

“இல்ல பாஸ். இப்பதான் இருக்கு.”

சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல ஐவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டு முடித்துப் பொட்டலத்து நூலைச் சுண்டினார்.

“சரி. இப்ப சரி பண்ணிட்டல்ல?”

“பண்ணிட்டேன்.”

“அப்ப முடிஞ்சது. வாயத் தொறக்காத. அடுத்த மாசம் மையத்துல காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். நம்மகிட்ட இருக்கிற பெரிய வேல அது ஒண்ணுதான், தெரியும்ல?”

“அந்த டிரைவரு?”

“லோரிக்காரனுக்கா வேற வேல கெடைக்காது?”

“வீரம்மா?”

ஐவன் பொட்டலத்தைப் பிரித்துக் காப்பியைக் குவளையில் ஊற்றினார். அவர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கித் தொழில் நடத்துகிற, பயந்த மனிதர். தினேஸ்வரி எல்ஸியை அழைத்தாள். வீரம்மாவை அழைத்துவர யாராவது போயிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். யாரும் போகவில்லை. வேன் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. விடுப்பில் இருக்கும் பழைய ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. ஐவனின் கண்ணைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீரம்மாவின் முகவரியைக் குறித்துக்கொண்டு பையை எடுத்தாள்.

“எங்க போற?”

“கூட்டிக்கிட்டு வாரேன் பாஸ்.”

“போ. புண்ணியமாப் போவட்டும். ஆனா அங்க ஏதாவது வாயத் தொறந்தன்னா, திங்கக்கெழம இங்க வராத.”

காரைக் கிளப்புவதற்கு முன்னால் சுரேனின் எண்ணைத் தட்டினாள். “அண்ணே, கம்பெனியிலேருந்து பேசுறேன். தப்பு என்னோடதுதான். ஒங்களுக்கு வந்த லிஸ்ட்ல அந்தப் பேருங்க இல்ல.”

மறுமுனையிலிருந்து அச்சில் போட முடியாத ஒரு வார்த்தை வந்தது. அதை வாங்கிக்கொண்டாள்.

“அந்தம்மா எங்க இருக்காங்க?” என்றான் அவன்.

“கிளென்மோர் எஸ்டேட்டுன்னு போட்டிருக்கு. கோப்பெங் தாண்டி. மேப்புல காட்டல.”

“சிம்பாங் பூலாய் லைட்டுகிட்ட ஒட்டுக்கடையில ஒக்காந்திருக்கேன். வா.”

ஆள் முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்து தடித்தவன், சட்டையில் இன்னும் மையத்தின் அடையாள அட்டை தொங்கியது. காரின் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, “எறங்கு. நீ ஓட்டுனா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்,” என்றான். அவள் பக்கத்து இருக்கைக்கு மாறினாள். பன்னிரண்டு ஐந்து.

கோப்பெங்கைத் தாண்டியதும் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திக் கேட்டார்கள். கிளென்மோர் யாருக்கும் தெரியவில்லை. பழம் விற்கும் சீனக் கிழவர் கையை விரித்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து போகும் ஒரு மண் ரோட்டில் பத்து நிமிடம் போய், அது ஒரு கால்வாயில் முடிய, அப்படியே பின்னால் எடுத்து வந்தார்கள். பன்னிரண்டே முக்கால். தினேஸ்வரிக்கு அழுகை முட்டியது.

“அழுவாத. அழுதா வழி தெரியாது,” என்றான் சுரேன். திட்டியது போலத்தான் இருந்தது.

எதிரே மோட்டார் சைக்கிளில் புல்லுக்கட்டோடு ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். சுரேன் காரைக் குறுக்கே நிறுத்தினான். “அக்கா, கிளென்மோர் எஸ்டேட் எங்கக்கா?”

“அப்படி ஒண்ணும் இங்க இல்லையே.”

“வீரம்மான்னு ஒருத்தங்க, ரத்தம் சுத்தம் பண்ணப் போவாங்க…”

“அட, ஆறாங்கட்டையக் கேக்குறீங்களா? பேப்பர்ல இருக்கிற பேரச் சொன்னா யாருக்குத் தெரியும்? முன்னால ஒரு சின்னப் பள்ளிவாசல், சூராவ், வரும், அதுக்கு எதுத்தாப்புல உள்ள திரும்புங்க.” கிளம்பப் போனவள் காலை ஊன்றி நின்றாள். “அந்தக்கா காலையிலேருந்து வாசல்லயே ஒக்காந்திருக்கு. என்னான்னு கேட்டா வேன் வருதுன்னு சொல்லுது.”

ஆறாங்கட்டையில் கித்தா என்னும் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. செம்பனை வீட்டுச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. இடிக்காமல் விட்ட பழைய தோட்டத் தொழிலாளர் லயத்தில் நான்கு வீடுகள், மூன்றில் பூட்டு. நான்காவது வீட்டுப் படியில் வீரம்மா உட்கார்ந்திருந்தார். சேலை கட்டி, தலை சீவி, மடியில் பையை வைத்துக்கொண்டு, புறப்படத் தயாராக. முகம் உப்பிப் போய்க் கண் இரண்டும் கோடாகத் தெரிந்தன. கணுக்கால்கள் செருப்பு வாரில் பிதுங்கின. காரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

“மையத்துலேருந்து வாரோம்மா,” என்றாள் தினேஸ்வரி.

“வேன் இல்லையா?” மூச்சு வாங்கியது. “நாலு மணிக்கே வந்து ஒக்காந்திட்டேன். வியாழக்கெழமையும் ஒக்காந்தேன். தைப்பூசம், ரோடு மூடியிருப்பாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கும் காணோம்.”

“போன் என்னாச்சும்மா?”

“தண்ணியில விழுந்திருச்சு.” கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். “செவ்வாய்க்கெழம மிஸ்ஸி ஏசுனாங்க, தண்ணி ரொம்பக் குடிக்கிறேன்னு. அதான் பேர எடுத்துட்டாங்களா? நான் வேணுமின்னு குடிக்கலம்மா. வெய்யிலு.”

தினேஸ்வரி குனிந்து அவர் மடியிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். சுரேன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்தான். வீரம்மாவை அதில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் காருக்குக் கொண்டுபோனார்கள்.

திரும்பும்போது அவன் ஓட்டிய வேகத்தைப் பற்றி அவள் பிறகும் யாரிடமும் சொன்னதில்லை. பின்னிருக்கையில் வீரம்மா சாய முடியாமல் முன்னால் குனிந்தபடி மூச்சு விட்டார். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே ஏதோ தளும்பும் சத்தம் கேட்டது. கோப்பெங் வரைக்கும் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தவர் அதற்குப் பிறகு பேசவில்லை. “அம்மா, அம்மா,” என்று தினேஸ்வரி தோளைப் பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். சிவப்பு விளக்கில் சுரேன் நிற்கவில்லை. ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மையத்து வாசலில் பிரேக் போட்டான்.

எல்ஸி சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார். மற்ற நால்வரும் அதற்குள் வந்து இயந்திரத்தில் இருந்தார்கள். எடை பார்த்தபோது ஐந்தரை கிலோ ஏறியிருந்தது. டாக்டருக்கு போன் பறந்தது, மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறியது, இடது கையில் ஊசி ஏறியது. ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் நுழைவதைக் கதவோரம் நின்று இருவரும் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் யாரும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. வீரம்மாவின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கி, கண்ணைத் திறந்து நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் எல்ஸி கையுறையைக் கழற்றிக்கொண்டு திரும்பினார். கண் நேரே சுரேன் மேல் விழுந்தது.

“ஒனக்கு இங்க என்னா வேல? செய்யிறதச் செஞ்சிட்டு இப்ப நல்லவன் மாதிரி—”

“மிஸ்ஸி,” என்றாள் தினேஸ்வரி.

பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஐவன் என்று எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது. சுரேன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீயே சொல் என்று அவன் கேட்கவும் இல்லை, சொல்லாதே என்று விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“அவர் மேல தப்பில்ல. லிஸ்ட்ல பேர் இருக்குன்னு காலையில சொன்னது நான்தான். கோப்புல இருந்துச்சு, அவருக்கு வந்த லிஸ்ட்ல இல்ல. புதன்கெழம நான் அந்தக் கோப்பத் தொறந்தப்ப என்னோட எடிட்டர் அஞ்சு வரியக் கெடுத்திருச்சு. எடிட்டர் இல்ல, நான். நான் எழுதி வெச்சபடிதான் அது செஞ்சுச்சு.”

எல்ஸி நம்பாமல் பார்த்தார். “பத்தொம்பது பேர்ல மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஏன் இந்த அஞ்சு பேர் மட்டும்?”

“கடைசி எடத்துல அவங்களுக்குக் குறி எதுவும் இல்ல மிஸ்ஸி, வெத்தா இருந்துச்சு. அந்த வெத்து எடத்தத்தான் அது தொடச்சிருச்சு. அது என்னா குறின்னு எனக்குத் தெரியல.”

“எனக்குத் தெரியும்,” என்றார் எல்ஸி. குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “நான்தான் எழுதிக் குடுப்பேன். வீட்டுல தொணைக்கு ஆள் இருக்கான்னு. இருந்தா குறி போடுவோம். யாரும் இல்லாதவங்களுக்கு விட்டுருவோம்.”

இரண்டு நாளாக ஏன் ஒருவர்கூட வேன் வரவில்லை என்று அழைத்துக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தினேஸ்வரிக்குப் புரிந்தது. கேட்க ஆள் உள்ளவர்கள் அத்தனை பேரும் வேனில் ஏறிவிட்டார்கள்.

“தொண இருக்கிறவங்க வரலைன்னா வியாழக்கெழமையே நான் போன் போட்டிருப்பேன்,” என்றார் எல்ஸி. “இவங்களுக்கு யாருக்குப் போடுறது? கல்லுமலைக்குப் போயிருப்பாங்கன்னு நானா நெனச்சிக்கிட்டேன்.” சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து சுரேனிடம் நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் அவன் வாங்கும்வரை கையை எடுக்கவும் இல்லை.

அவன் நிதானமாகத்தான் வாங்கினான். “இனிமே லிஸ்ட்ல இல்லாட்டியும் நான் ஆறாங்கட்டைக்குப் போவேன்,” என்றான்.

“கடைசியில அந்த ஒரு குறி இருந்தா போதுமா?”

கேட்டது வீரம்மா. கண்ணை மூடியிருந்ததால் தூங்குகிறார் என்று நினைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“போதும்மா,” என்றாள் தினேஸ்வரி. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

“அப்ப எனக்கும் ஒண்ணு போட்டுருங்களேன்.”

“சும்மா போட முடியாது வீரம்மா,” என்றார் எல்ஸி. “பேரும் நம்பரும் வேணும். ஒனக்கு யாரு இருக்கா, சொல்லு.”

வீரம்மா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என் நம்பரப் போடுங்க மிஸ்ஸி,” என்றாள் தினேஸ்வரி.

எல்ஸி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இது இன்னிக்கு மனசு சங்கடத்துக்குச் சொல்ற பேச்சில்ல. போன் வரும். எந்த நேரத்துலயும் வரும். நீ அந்தக் கம்பெனியில இல்லாமப் போனாலும் வரும்.”

“தெரியும் மிஸ்ஸி. வரட்டும்.”

எல்ஸி பேனாவைத் திறந்தார். தினேஸ்வரி தன் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். எழுதி முடித்ததும் எல்ஸி அதைத் திருப்பிப் படித்துக் காட்டினார்; அவள் சரி என்றாள்.